கட்டில் நாடாவில் ஒரு மஞ்சள் பட்டை

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, போன மாதம், நான் ஒரு கராத்தே வகுப்பில் சேர விசாரிக்கப் போனேன். ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். வகுப்பு மூன்றாவது மாடியில். ஏறி முடித்து, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், மூச்சை இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டு, "ஆரம்ப வகுப்புக்குக் கட்டணம் எவ்வளவும்மா?" என்றேன்.

"பேரனுக்கா சார்?"

"ஆமாம்" என்றேன். எனக்குப் பேரன் இல்லை. இல்லாத பேரனின் வயது, எடை, பள்ளி விடும் நேரம் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நிரப்பிக் கொடுத்தேன். அவனுக்கு இப்போது சளி பிடித்திருக்கிறது, தேறியதும் அழைத்து வருகிறேன் என்று உபரியாக ஒரு பொய்யையும் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

காரணம் உண்டு. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். அன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா மகன் ஒரு படம் போட்டிருந்தான். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் வரிசையாக நிற்க, நடுவில் அவன். வெள்ளை உடை, நரைத்த மீசை, இடுப்பில் மஞ்சள் பட்டை. கராத்தேயில் மஞ்சள் பட்டை என்பது ஒன்றும் பெரிய பட்டம் இல்லை. வெள்ளைக்கு அடுத்த படி. அரிச்சுவடி முடித்தவனுக்கு மிட்டாய் கொடுப்பது போல. அதற்கு உறவுக்காரர்கள் முப்பது பேர் கை தட்டியிருந்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தேன். விரல் மேல்நோக்கித்தான் போயிற்று. வயிறுதான் எரிந்தது.

இந்த எரிச்சல் என்னைவிடப் பதினோரு நாள் மூத்தது. பெரியப்பா மகன் பிறந்து பதினோரு நாள் கழித்து நான் பிறந்தேன். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அந்தப் பதினோரு நாளை இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என் நிலைமை சுலபமாகியிருக்கும். பொறாமைக்கு நியாயமான கோபம் என்று பெயர் சூட்டியிருப்பேன். அவன் நல்லவன். பென்சிலை இரண்டாக உடைத்து, கூர் உள்ள பாதியை எனக்குத் தருவான். அதை மன்னிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் அப்பாவின் பங்கும் உண்டு. அவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவார். ஞாயிறு மத்தியானம் ஏறிவிடுவார். வாரத்துக்கு ஒருநாள் கிடைக்கும் அப்பா. அந்த ஒரு நாளிலும் பெரியப்பா மகனைப் பார்த்தால், "வா கண்ணு, இன்னா படிக்கிற?" என்பார். என்னைப் பார்த்தால், "டேய், அந்தச் செருப்ப எடுத்து உள்ள வை" என்பார். நான் கண்ணு இல்லை. நான் டேய்.

பன்னிரண்டு வயது எங்களுக்கு. அந்த ஆடி மாதத்தில் பெரியப்பா மகனைக் கராத்தேயில் சேர்த்துவிட்டார்கள்.

ஆடி மாதம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். சேலத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர், எங்கள் பகுதி மண்டபம் ஒன்றைக் குறைந்த வாடகைக்குப் பேசிப் பிடித்திருந்தார். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாள்களில் விடுமுறை, மற்ற நாள்களில் வகுப்பு. புரட்டாசியில் மறுபடி முழு மாதமும் கராத்தே. எதிரியைத் தாக்குவதற்கும் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்த ஒரே ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதல்நாள் பெரியப்பா மகன் அந்த வெள்ளை உடையில் தெருவில் நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தடித்த துணி. நடந்தால் சரக் சரக் என்று சத்தம். புதுத்துணிக் கஞ்சி வாசனை. எங்கள் வீட்டு வாசலில் நின்று, எனக்காகவே காற்றில் ஒரு குத்துவிட்டுக் காட்டினான். சட்டைக் கை 'டப்' என்றது.

"பாத்தியாடா, துணியே சத்தம் போடுது!" என்று சிரித்தான். பெருமையடிக்கவில்லை. அவனுக்கே ஆச்சரியம். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவிடம் கேட்டேன். அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. மூன்று கடை ஏறி இறங்காமல் ஒரு சோப்புக்கட்டிகூட வாங்கக் கூடாது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து மூன்று பத்தி போட்டார். மாஸ்டர், கட்டணம், தேவையான பொருள்கள்.

"கள்ளக்குறிச்சியில எங்கெங்க சொல்லித் தராங்களோ, மூணு எடத்துல விசாரிச்சி எழுதி வை. அடுத்த சனிக்கிழம பாக்கலாம்."

அப்படித்தான் தமிழ்நாட்டிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரித் தற்காப்புக் கலை கற்கப் புறப்பட்ட முதல் மாணவன் ஆனேன்.

முதலில் மண்டபம். உள்ளே போனதும் முந்தைய கல்யாணத்தின் சாம்பாரும் வாடிய மல்லிகையும் சேர்ந்த ஒரு வாசனை. மேடையில், மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி மாட்டும் ஆணியில், தாடி வைத்த ஜப்பான் பெரியவர் ஒருவரின் படம். அவருக்கு மாலை, ஊதுபத்தி. மாஸ்டர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"மாசா மாசம் ஃபீஸ். டிரஸ் தனி. பெல்ட் தனி. டெஸ்ட்டு தனி. சர்ட்டிபிகேட் தனி."

அப்பா போட்ட பத்தியில் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினேன்.

இரண்டாவது, கோமுகி ஆற்று மணலில் குங்பூ. மாஸ்டருக்குத் தோள்வரை முடி. கட்டணம் கம்மிதான். ஆனால் ஒவ்வொரு வாரமும் தலையால் உடைக்க ஒரு டஜன் நாட்டு ஓடு மாணவனே கொண்டுவர வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். எங்களுடையது ஓட்டு வீடு. அம்மா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"ஏன்டா, நீ வீரனாவறதுக்குள்ள நாங்க மழையில நனையணுமா?"

மூன்றாவது, சந்தைத் திடல். அங்கே சொல்லித் தந்தவர் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். இருபத்தெட்டு வயது இருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை. காக்கிச் சட்டையோடு வருவார், காக்கிச் சட்டையோடே உதைப்பார். அவருடைய கலைக்குப் பெயர் இல்லை. கொஞ்சம் சிலம்பம், கொஞ்சம் குஸ்தி, கொஞ்சம் சினிமா, மிச்சமெல்லாம் பஸ்.

"டிரஸ் இன்னா வேணும்ணே?" என்று கேட்டேன்.

"டவுசர் போதும்."

"பெல்ட்டு?"

என் இடுப்பைப் பார்த்தார். "ஏன், டவுசர் நிக்கலியா உனக்கு?"

கட்டணம் இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு கவுளி வெற்றிலை.

சனிக்கிழமை அப்பா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கத்தரிக்காய் பொறுக்குவதைவிடக் குறைந்த நேரம்தான் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வரியில் சிவப்பு மையால் கோடு போட்டார்.

"இதுல சேரு. கண்டக்டர் கிட்ட கத்துக்கினா, சண்ட வராட்டியும் சில்லறக் கணக்காவது வரும்."

இப்போது யோசித்தால், அவர்மேல் குற்றமில்லை. நான் சண்டை கற்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சரக் சரக் சத்தம். அட்டவணையில் அதற்குப் பத்தி இல்லை.

கண்டக்டர் மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வித்தை தெரியாத ஆள் இல்லை. ஓடும் பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல், தோளில் பையோடு, பின்படியிலிருந்து முன்படிவரை டிக்கெட் கிழித்துக்கொண்டே போகிறவரை யாரால் தள்ளிவிட முடியும்? அந்த நிலையைத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார். முட்டியைக் கொஞ்சம் மடக்கு. பாதத்தை விரி. "இப்ப தியாகதுருகம் வளைவுடா, சாயி! இப்ப பிரேக்கு!" என்று கத்துவார். பதினான்கு பிள்ளைகள் திடலில் இல்லாத பஸ்ஸில் ஒருசேரச் சாய்வோம். இரண்டு விசில் அடித்தால் உதை. ஒரு விசில் அடித்தால் நிறுத்து. சந்தைக்கு வந்த பெண்கள் காய்க்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

நல்ல வகுப்புதான். இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தெருவின் அடுத்த முனையில் ஒருவன் வெள்ளை உடையில் ஜப்பான் மொழியில் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருக்கிறான், நான் "போலாம் ரைட்" என்று கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே.

புரட்டாசி முதல் ஞாயிறு அவனுக்கு மஞ்சள் பட்டைத் தேர்வு. சேலத்திலிருந்து பெரிய மாஸ்டர் வருவதாக ஏற்பாடு. பெரியப்பா மகன் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னான். "நீயும் வந்து பாருடா. நீ இருந்தா எனக்குப் பயமா இருக்காது."

நான் வகுப்புக்குப் போகிற வழியில் இருந்த பிள்ளையாரிடம் நின்றேன். அந்தத் தேர்வு நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தேங்காய்கூட நேர்ந்துகொள்ளவில்லை. இனாம் வேண்டுதல்.

அந்த வாரம்தான் சாலை மறியல் தொடங்கியது.

இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கப் போராட்டம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். எந்தப் பக்கமும் பஸ் இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு வண்டிகள் வழியிலேயே நின்றன. கரும்பு காய்ந்து, புளித்த வாடை வந்தது. மாடுகளை அவிழ்த்து மர நிழலில், அதாவது படுத்துக் கிடந்த மரத்தின் நிழலில் கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி நின்று, எங்கோ துப்பாக்கிச் சூடாம் என்று குரலை இறக்கிப் பேசினார்கள். நாங்கள் கிட்டே போனால் பேச்சை நிறுத்திவிட்டு, "போய் வெளாடுங்கடா" என்றார்கள்.

விளையாடினோம். சாலைக்கு நடுவே மரம் ஏறி இறங்கினோம். ஏணியில்லாமல் எட்டாத உச்சிக் கிளையின் பிஞ்சுப் புளி, குனிந்தால் கைக்குக் கிடைத்தது. உப்பு தொட்டுத் தின்று பல் கூசியது. படிப்புக்கும் வேலைக்கும் தங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வீடு திரும்பவில்லை. இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சேலம் சாலை அடைபட்டுவிட்டது. பெரிய மாஸ்டர் வர முடியாது. பிள்ளையார் கேட்டுவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. பஸ் ஓடாததால் எங்கள் கண்டக்டருக்கு வேலை இல்லை. காலை, மத்தியானம், மாலை மூன்று வேளையும் வகுப்பு. ஊரே முடங்கிக் கிடந்த வாரத்தில் நான் மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தேன்.

முன்னேற்றம் தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன்.

அம்மா கட்டிலுக்குப் புது நாடா வாங்கிச் சுருட்டி வைத்திருந்தாள். இரண்டு விரல் அகலம், நல்ல கெட்டி நூல். அதில் நான்கு முழம் வெட்டினேன். வெள்ளிக்கிழமை பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, அவர்கள் வீட்டு அடுக்களையில் மஞ்சள்தூள் டப்பாவில் பாதியைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டேன். அந்த நாளில் பெரியம்மா வீட்டு மஞ்சள், அரைத்துச் சலித்த அசல் விரலி மஞ்சள். எங்கள் கிணற்றடியில், வாளித் தண்ணீரில் கரைத்து, நாடாவை முக்கி, பிழிந்து, முருங்கைமரத்தில் காயப் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை, சட்டைக்கு மேலே அந்தப் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். பொங்கல் பானைக் கழுத்து போல இருந்தேன். வாசனையும் அப்படித்தான்.

பெரியப்பா மகன் ஓடிவந்தான். "டேய்! எப்படா வாங்கின?"

"நேத்து டெஸ்ட்டு. பாஸ்."

"கண்டக்டரு பெல்ட்டு தரமாட்டாருன்னு சொன்ன?"

"எல்லாருக்கும் தரமாட்டாரு."

அவன் பட்டையின் நுனியைப் பிடித்துத் தடவிப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். விரல் மஞ்சளாக இருந்தது. டவுசரில் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குடா" என்றான். அவன் முகத்தில் பொறாமையைத் தேடினேன். கிடைக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டும் ஒரு துளி கிடைக்கவில்லை.

அன்று மாலை அப்பா வரவில்லை. மலைப்பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. அம்மா வாசலில் இருட்டும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். "வந்துடுவாரு. அங்கியும் சோறு இருக்குது இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, தேர்வு ரத்தானதால் வாடிப்போயிருந்த மண்டபப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த, கண்டக்டர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு வகுப்புக்கும் நட்புக்காக ஒரு போட்டி. சந்தைத் திடலில் முந்தின இரவு மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. கண்டக்டர் சுண்ணாம்புத்தூளைக் கையில் அள்ளி, கபடிக்குப் போடுவது போல நான்கு பக்கமும் கோடு இழுத்தார். ஊரில் போக்கிடம் இல்லாததால் கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் கூடக் கூடாது என்று சொல்ல வந்த போலீஸ்காரர்கூட, சொல்லிவிட்டு, நிழல் பார்த்து உட்கார்ந்தார்.

எனக்கு எதிராக யார் என்று கேட்க வேண்டியதில்லை. வெள்ளை உடை, கஞ்சி மொடமொடப்போடு எதிரே நின்றது. பட்டையும் வெள்ளைதான். என்னுடையது மஞ்சள். கூட்டத்தில் யாரோ, "மஞ்ச பெல்ட்டுக்காரன் பெரிய ஆளுபோல" என்றார்கள். வாழ்க்கையில் அவனைவிட நான் ஒரு படி மேலே நின்ற ஒரே தருணம் அது. ஒரு நிமிடம் இருக்கும்.

"தியாகதுருகம் வளைவுடா, மறந்துடாத" என்று கண்டக்டர் காதில் சொல்லிவிட்டு இரண்டு விசில் அடித்தார்.

பெரியப்பா மகன் காலைத் தூக்கினான். உதை வரவில்லை. தூக்கிய கால் பாதி வழியில் நின்றது. என்னை அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். வராத உதைக்கு நான் சாய்ந்தேன். வளைவு பலமாகிவிட்டது. ஈரமண், சுண்ணாம்புக் கோடு. பாதம் வழுக்கி, கோட்டின் மேலேயே பொத்தென்று விழுந்து, இரண்டு உருள் உருண்டேன்.

எழலாம் என்று பார்த்தபோதுதான் யாரோ அலறினார்கள். "ஐயையோ, ரத்தம்!"

குனிந்து பார்த்தேன். என் இடுப்பு முழுக்கச் சிவப்பு. வேர்வையில் ஊறிய மஞ்சளும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். எனக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வலி எதுவும் இல்லை. "மஞ்சள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

சொல்ல வாயெடுத்தேன். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா வந்தார்.

விடியுமுன் வெள்ளிமலையிலிருந்து புறப்பட்டு, மலைப்பாதை முழுக்க நடந்து, கச்சிராயபாளையம் வழியாக மரங்களைத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறார். வீட்டில் நான் இல்லை என்றதும் திடலுக்கு வந்துவிட்டார். தோளில் பை, கையில் ஒரு பாட்டில் மலைத்தேன். என்னைப் பார்த்ததும் பாட்டில் கையைவிட்டுப் போயிற்று. கல்லில் பட்டு உடைந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கண்ணு! கண்ணு, இன்னாடா ஆச்சி?" என்று மண்டி போட்டு என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கண்ணு. என்னைத்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தப்புதான். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று படுத்துக் கிடந்தேன். அப்பாவின் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. வேர்வையும் மலைச் செம்மண்ணும் கலந்த வாசனை. ஒரு கண்ணை மட்டும் இடுக்கிப் பார்த்தேன். பெரியப்பா மகன் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, என் இடுப்பில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தான். நான் ஆசைப்பட்ட அந்தச் சட்டை. கண்ணெதிரே அது சிவந்துகொண்டே வந்தது. நான் சொல்லவில்லை.

கண்டக்டர் வந்துதான் உடைத்தார். குனிந்து, பட்டையைத் தொட்டு, விரலை மோந்தார். நாள் முழுக்க வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற விரல். அதை ஏமாற்ற முடியாது.

"சார், பயப்படாதீங்க. ரத்தம் இல்ல. மஞ்சளு."

முதலில் போலீஸ்காரர் சிரித்தார். பிறகு திடலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, திட்டவில்லை. "நல்லவேள" என்று மட்டும் சொல்லிவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருந்தது. அன்று அந்தத் திடலில் சிந்திய அசல் ரத்தம் அவ்வளவுதான். சிந்திய தேனில் எறும்பு வரிசை கட்டத் தொடங்கியிருந்தது.

அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

மிச்சக் கதை சின்னது. பெரியப்பா அந்தச் சட்டையை வெளுப்பதற்காகச் சலவை சோடாவில் ஊறப் போட்டார். வெயிலில் போட்டாலே மஞ்சள் போய்விடும் என்று பெரியம்மா வந்து சொல்வதற்குள், சட்டை குங்குமத்தில் முக்கியது போல ஆகிவிட்டது. மரங்களை அகற்றி, சாலை திறந்து, அடுத்த ஞாயிறு சேலத்துப் பெரிய மாஸ்டர் வந்தபோது, சுத்தமான வெள்ளை உடை இல்லாதவன் தேர்வுக்கு நிற்கக் கூடாது என்றுவிட்டார். இன்னொரு உடை தைக்கப் பெரியப்பா மறுத்துவிட்டார். ஐப்பசி பிறந்தது. முகூர்த்தங்கள் தொடங்கின. மண்டபத்தில் கராத்தே போய் மேளம் வந்தது. மாஸ்டர் ஊரைவிட்டே போய்விட்டார். பெரியப்பா மகனுக்கு மஞ்சள் பட்டை கிடைக்கவில்லை.

அந்தச் சட்டை நாலைந்து நாள் அவர்கள் வீட்டுக் கொடியில் தொங்கியது. பள்ளிக்குப் போகும்போது பார்ப்பேன். முதல்நாள் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது? இரண்டாம் நாளிலிருந்து தெருவைச் சுற்றிப் போனேன். அதன் பிறகு சட்டை என்ன ஆயிற்று என்று தெரியாது. கேட்கத் தைரியம் வந்ததில்லை.

நாற்பது வருஷம் கழித்து அந்தப் பட்டையை வாங்கி, குழந்தைகள் நடுவே நின்று படம் எடுத்துப் போட்டிருக்கிறான். இப்போது உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரிந்திருக்கும். அதற்குள் வேறு என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்பதும்.

மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வலியே இல்லை என்பது, தெரிந்தே படுத்துக் கிடந்தது, அவன் சட்டை பாழாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"முடிச்சிட்டியா?" என்றான். "டேய், அன்னிக்கு நீ ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்த. நானும் பாத்தேன்."

"தெரிஞ்சுதான் அமுக்கினியா?"

"மஞ்சளுன்னு மொத நாளே தெரியும். கைல ஒட்டிக்கிச்சே."

"அப்புறம் ஏன்டா?"

"சித்தப்பா அவ்ளோ தூரம் நடந்து வந்து அழுதுக்கினு இருக்காரு. 'உம் புள்ள நடிக்கிறான்'னு அந்த நேரத்துல எப்பிடிடா சொல்றது? கண்டக்டரு சொல்லிட்டாரு. நான் சொல்லியிருக்க மாட்டேன்."

பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பதினோரு நாள் முந்திவிட்டான்.

பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது. எண்பதைத் தாண்டிவிட்டார். காது மட்டும் மங்கவில்லை.

"யாருடா போன்ல? சின்னவனா? இன்னாவாம்?"

"ஒண்ணும் இல்லம்மா. அவனும் கராத்தே கத்துக்கப் போறானாம்."

பிறகு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே பெரியம்மா உரக்கச் சொன்னார்:

"ஜெயிச்சி வந்தவனுக்கு ஊரு ஆரத்தி எடுக்கும். தானா வழுக்கி வுழுந்து, தனக்குத் தானே ஆரத்தி கரச்சிக்கினவன் நம்ம வம்சத்துல இவன் ஒருத்தன்தான். கத்துக்கட்டும், வேணாங்கல. இந்த வாட்டியாவது மஞ்சள அவன் வூட்டு டப்பாவுலேர்ந்து எடுத்துக்கச் சொல்லு."